ஃப்ரெடி மெர்க்குரி: மீசைக்கு முன், மீசைக்குப் பின்



கிளாஸுக்கு சார் வர அஞ்சு நிமிஷம் லேட் ஆனா என்ன நடக்கும்? கடைசி பெஞ்சில் யாராவது ஒருத்தன் ஆரம்பிப்பான். மேசையில் ரெண்டு தட்டு, அப்புறம் ஒரு கைதட்டு. டம் டம் டக். டம் டம் டக். அரை நிமிஷத்துல மொத்த கிளாஸும் சேர்ந்துக்கும். பக்கத்து கிளாஸ்ல இருந்து ஒரு மேடம் வந்து எட்டிப் பாக்குற வரைக்கும் நிக்காது.

அந்தத் தாளம் 1977-ல வந்த ‘வீ வில் ராக் யூ’. எழுதினவர் பிரையன் மே, பாடினவர் ஃப்ரெடி மெர்க்குரி, குழுவோட பேரு குயின். இதெல்லாம் தெரியாமலேயே நாம தட்டிட்டு இருக்கோம். தெரிஞ்சவங்களும் பெரும்பாலும் 2018-ல வந்த ‘பொஹீமியன் ராப்சடி’ படத்தைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டவங்கதான். நானும் அந்தக் கேஸ்தான். ஹாஸ்டல் ரூம்ல ஒரு லேப்டாப் முன்னாடி ஏழு பேர் உக்காந்து பாத்தோம்.

படம் நல்லா இருந்தது. ஆனா அப்புறம் தேடிப் படிச்சப்பதான் தெரிஞ்சது, அவரோட வாழ்க்கையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதியைப் படம் வேகமா ஓட்டிவிட்டுப் போயிருக்கு. அது 1980 முதல் 1984 வரை உள்ள நாலு வருஷம். உலகத்தின் உச்சியில் நின்ற ஒருத்தர், தனக்கு ஜெயிச்சுக் கொடுத்த எல்லாத்தையும் கழற்றி வைத்துவிட்டு வேறொன்றை முயற்சி செய்து பார்த்த காலம் அது. அதுக்கு அவர் கொடுத்த விலையும் சின்னதில்லை. அந்தக் கதையைத்தான் இந்த இதழில் சொல்லப் போறேன்.

பஞ்ச்கனி ஹாஸ்டல் பையன்

அவரோட உண்மையான பேரு ஃபரூக் புல்சாரா. 1946 செப்டம்பர் 5 அன்று சான்சிபார் தீவில் பிறந்தார். அப்பா போமி, அம்மா ஜெர், இருவரும் பார்சிகள். பூர்வீகம் குஜராத். புல்சாரா என்ற குடும்பப் பெயரே புல்சார் என்ற ஊரிலிருந்து வந்ததுதான். இன்றைக்கு அந்த ஊரை வல்சாட் என்கிறோம். அப்பாவுக்கு சான்சிபாரில் பிரிட்டிஷ் அரசாங்கத்தில் காசாளர் வேலை.

எட்டு வயசுல பையனைக் கப்பலேத்தி இந்தியாவுக்கு அனுப்பிட்டாங்க. மகாராஷ்டிராவில் மலை மேலே இருக்கிற பஞ்ச்கனியில், செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில் ஹாஸ்டல் வாழ்க்கை. வீட்டுக்கும் பையனுக்கும் நடுவில் ஒரு கடல். முதல் வருஷம் ஹாஸ்டல்ல சேர்ந்து, லீவுக்கு ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காம தவிச்ச நம்மளுக்கு அந்தத் தனிமை கொஞ்சமாவது புரியும். அங்கதான் ஃபரூக், ஃப்ரெடி ஆனார். பியானோ கத்துக்கிட்டார். நண்பர்களோட சேர்ந்து ‘தி ஹெக்டிக்ஸ்’னு ஒரு பள்ளிக்கூட பேண்ட் ஆரம்பிச்சார். அதுல அவர் பாடகர் இல்லை, பியானோ வாசிக்கிறவர்!

வாய்க்குள்ளே நாலு பல் கூடுதலா முளைச்சிருந்ததால முன்பல் துருத்திட்டு இருக்கும். பசங்க கிண்டல் பண்ணாம விடுவாங்களா? பிற்காலத்தில் கோடி கோடியாய்ப் பணம் வந்தபோதும் அவர் அந்தப் பல்லைச் சரிசெய்து கொள்ளவில்லை. குரல் மாறிப் போய்விடுமோ என்ற பயம்தான் காரணம்.

1963-ல் சான்சிபாருக்குத் திரும்பினார். அடுத்த வருஷமே அங்கே புரட்சி. அரேபியர்களும் இந்தியர்களும் கொல்லப்பட்டார்கள். புல்சாரா குடும்பம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்குத் தப்பித்தது. லண்டன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஃபெல்தம் என்ற ஊரில் ஒரு சின்ன வீடு. பதினேழு வயசுல அகதி மாதிரி வந்து இறங்கின பையன், ஈலிங் கலைக் கல்லூரியில் கிராஃபிக் டிசைன் படிச்சு, 1969-ல் டிப்ளமோ வாங்கினார். ஹீத்ரோ விமான நிலையத்தில் பெட்டி தூக்கியிருக்கிறார். கென்சிங்டன் மார்க்கெட்டில் பழைய துணி விற்றிருக்கிறார். குயின் குழுவின் சின்னத்தை வரைஞ்சதும் அவரேதான். அந்த டிப்ளமோ வீண் போகல.

கிளாம் ராக்னா என்னப்பா?

1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒரு அலை அடித்தது. அதுவரை ராக் பாடகர்கள் கசங்கின ஜீன்ஸும் தாடியுமாக வருவார்கள். 1971-ல் டி. ரெக்ஸ் குழுவின் மார்க் போலன் கன்னத்தில் மினுமினுப்புத் தூள் பூசிக்கொண்டு டிவியில் பாடினார். மறு வருஷம் டேவிட் போவி சிவப்புத் தலைமுடியுடன், ஸிக்கி ஸ்டார்டஸ்ட் என்ற வேற்றுக் கிரகத்து ராக் பாடகனாக வேஷம் கட்டி வந்தார். ஸ்லேட், ஸ்வீட், ராக்ஸி மியூசிக் என்று வரிசையாகப் பல குழுக்கள். உயரக் குதிகால் பூட்ஸ், பட்டுத் துணி, கண் மை, ஆணா பெண்ணா என்று பார்க்கிறவரைக் குழப்பும் தோற்றம். இதுக்குப் பேருதான் கிளாம் ராக்.

அந்த அலையின் பின்பகுதியில் வந்து சேர்ந்தது குயின். 1970-ல் பிரையன் மே, ரோஜர் டெய்லர் இருவரோடும் ஃப்ரெடி சேர்ந்தார். குயின் என்று பேர் வைத்தவர் அவரே. தன் பேருக்குப் பின்னாலும் மெர்க்குரி என்று சேர்த்துக்கொண்டார். 1971-ல் ஜான் டீக்கன் வந்து நாலு பேர் ஆனார்கள். நகத்தில் கறுப்பு பாலிஷ், தோளில் இறக்கை மாதிரி விரியும் வெள்ளை அங்கி, தோள் வரை முடி. 1974-ல் ‘கில்லர் குயின்’ இங்கிலாந்துப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது.

இந்த இடத்துல நம்ம ஆட்களுக்காக ஒரு விஷயம். இவங்க நாலு பேரும் படிச்சவங்க! மே இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல். முனைவர் பட்டத்தைப் பாதியில் விட்டுட்டுப் பாட்டுக்கு வந்தவர், 2007-ல் திரும்பிப் போய் முடிச்சார். அரியர் வெச்சிருக்கிற நண்பர்கள் மனசைத் தேத்திக்கலாம். டெய்லர் பல் மருத்துவம் சேர்ந்து, பிடிக்காம உயிரியலுக்கு மாறினவர். டீக்கன் எலக்ட்ரானிக்ஸ்ல முதல் வகுப்பு. ரோட்டோரக் குப்பைத் தொட்டியில் கிடந்த ஒரு சர்க்யூட் போர்டை எடுத்துட்டு வந்து, ஒரு பழைய ஸ்பீக்கர் பெட்டிக்குள்ள வெச்சு, ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடுற ஆம்ப்ளிஃபையர் பண்ணினார். மே அதை வெச்சுக் கிட்டார்ல வயலின் மாதிரி, ஊதுகுழல் மாதிரி எல்லாம் சத்தம் கொண்டு வந்தார். இசைக்கருவி உலகத்துல அதை ‘டீக்கி ஆம்ப்’னு இன்னைக்கும் கொண்டாடுறாங்க. நம்ம மினி புராஜெக்ட்டை ரிவ்யூ முடிஞ்ச மறுநாளே கட்டில் அடியில தள்ளுறோமே, ஞாபகம் வெச்சுக்கோங்க.

1975-ல் ‘பொஹீமியன் ராப்சடி’. 5 நிமிடம் 55 விநாடி. 24 டிராக் டேப்பில், மூணே பேர் பாடிப் பாடி, ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிவு செய்து, ஒரு பெரிய கோரஸையே உருவாக்கினார்கள். திரும்பத் திரும்ப ஓட்டினதில் டேப் தேய்ந்து, வெளிச்சம் ஊடுருவிப் போகிற அளவுக்கு ஆகிவிட்டது. இவ்வளவு நீளமான பாட்டை ரேடியோவில் போட மாட்டார்கள் என்றார்கள். இங்கிலாந்தில் 9 வாரம் முதல் இடம்.

அந்தக் காலத்து ஆல்பம் அட்டைகளில் குயின் ஒரு விஷயத்தைப் பெருமையாக அச்சடித்தார்கள்: இதில் சிந்தசைசர் கிடையாது. எல்லாம் கை, குரல், கிட்டார். இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

1980: கத்தரிக்கோல்

எழுபதுகள் முடியும்போது கிளாம் ராக் செத்துப் போயிருந்தது. பங்க் ராக் வந்து, பட்டும் பவுடரும் பழங்கதை என்று சொல்லிவிட்டது. மார்க் போலன் 1977-ல் கார் விபத்தில் இறந்தார். மிச்சம் இருந்தவர்களுக்கு முன்னால் ஒரே கேள்வி: இனி யாராக இருப்பது?

ஃப்ரெடியின் பதில் கத்தரிக்கோலில் இருந்து தொடங்கியது. முடியை ஒட்ட வெட்டினார். 1980-ல் வந்த ‘ப்ளே த கேம்’ பாட்டில் அடர்த்தியான மீசையுடன் தோன்றினார். அங்கி போய் வெறும் பனியனும் ஜீன்ஸும் வந்தது. ரசிகர்கள் அலறிவிட்டார்கள். மீசையை எடு என்று சொல்வதற்காக மேடை மேல் ரேஸர் எறிந்தவர்களும் உண்டு.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. கண் மையும் நகப் பாலிஷும் போட்டிருந்த காலத்தில் அதையெல்லாம் மேடை நாடகம் என்று மக்கள் எடுத்துக்கொண்டார்கள். இந்த மீசையும் குட்டை முடியும் ரொம்ப ‘ஆம்பளைத்தனமா’ தெரியுது இல்லையா? ஆனால் அந்தக் காலத்து அமெரிக்க நகரங்களில் தன்பால் ஈர்ப்புள்ள ஆண்கள் மத்தியில் பரவியிருந்த தோற்றமே அதுதான். வேஷத்தைக் கலைத்தபோதுதான் அவர் தன் உண்மைக்குப் பக்கத்தில் வந்தார். வெளிப்படையாக அவர் எதையும் அறிவிக்கவில்லை. மேரி ஆஸ்டின் என்ற பெண்ணோடு பல வருஷம் வாழ்ந்து, 1976 வாக்கில் பிரிந்தும், கடைசி வரை அவரையே தன் நெருங்கிய தோழியாக வைத்திருந்தார். வீட்டில் அப்பா அம்மா கட்டுப்பாடான பார்சிகள். சொல்லவும் முடியாமல், மறைக்கவும் விரும்பாமல் வாழ்ந்தார். அந்த இழுபறி அடுத்த நாலு வருஷப் பாட்டுகளில் கேட்கும்.

மாறினது தோற்றம் மட்டுமில்லை. ஜெர்மனியின் மியூனிக் நகரத்துக்குப் போய், ரைன்ஹோல்ட் மாக் என்ற தயாரிப்பாளரோடு வேலை செய்தார்கள். அங்கே ஒரு ஹோட்டலில், பாத்டப்பில் கிடந்தபடியே பத்து நிமிஷத்தில் ஃப்ரெடி ஒரு பாட்டு போட்டார். ‘கிரேஸி லிட்டில் திங் கால்டு லவ்’. அவருக்குக் கிட்டாரில் சில கார்டுகள்தான் தெரியும், அதனால்தான் பாட்டு அவ்வளவு எளிமையாக இருக்கிறது. 1980 தொடக்கத்தில் அது அமெரிக்காவில் முதல் இடம். குயினுக்கு அங்கே கிடைத்த முதல் முதலிடம்.

1980 ஜூன் கடைசியில் ‘த கேம்’ ஆல்பம் வெளிவந்தது. சிந்தசைசர் இல்லை என்று மார்தட்டினவர்கள் இதில் முதல் முறையாக சிந்தசைசர் பயன்படுத்தினார்கள். அதே ஆல்பத்தில் டீக்கன் போட்ட ஒரு பாட்டு இருந்தது. அமெரிக்காவின் ஷிக் என்ற நடனக் குழுவின் பாணியில் அமைந்த பேஸ் கிட்டார். ராக் ரசிகர்களுக்கு இது செட் ஆகுமா என்று குழுவிலேயே சந்தேகம். நிகழ்ச்சிக்கு வந்திருந்த மைக்கேல் ஜாக்சன் இதைத் தனி ரெக்கார்டாக வெளியிடச் சொன்னார். ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’ அமெரிக்காவில் 3 வாரம் முதல் இடம். ஆல்பமும் அங்கே 5 வாரம் முதல் இடம். ஃப்ரெடி காலத்தில் குயினுக்கு அமெரிக்காவில் முதலிடம் வாங்கிக் கொடுத்த ஒரே ஆல்பம் இதுதான். அந்த வருஷ டிசம்பரிலேயே ‘ஃப்ளாஷ் கார்டன்’ படத்துக்கு இசை அமைத்து அதையும் வெளியிட்டார்கள்.

1981: இரண்டு ராஜாக்கள், ஒரு ராத்திரி

அடுத்த வருஷம் தென் அமெரிக்கா. பிரேசிலின் சாவோ பாவ்லோ, மொரும்பி மைதானம், மார்ச் 20-ம் 21-ம். முதல் நாள் 1,31,000 பேர், மறுநாள் 1,20,000 பேர். ‘லவ் ஆஃப் மை லைஃப்’ பாட்டை ஃப்ரெடி ஆரம்பிச்சார், அப்புறம் பாடவே தேவையில்லாமல் போச்சு. இங்கிலீஷ் பேசாத ஒரு நாட்டில் லட்சம் பேர் வரி வரியாகப் பாடினார்கள்.

ஜூலையில் சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ ஊரில் ஸ்டூடியோ. பக்கத்தில் இருந்த டேவிட் போவி ஒரு நாள் எட்டிப் பார்க்க வந்தார். கிளாம் ராக்கின் இரண்டு பெரிய தலைகள் ஒரே அறையில். சும்மா வாசிக்க ஆரம்பித்தார்கள். டீக்கன் ஒரு பேஸ் வரியை வாசித்தார். எல்லாரும் சாப்பிடப் போய்த் திரும்பி வந்தால் அது அவருக்கே மறந்து போச்சாம், டெய்லர்தான் ஞாபகப்படுத்தினாராம். அந்த வரிதான் ‘அண்டர் பிரஷர்’. பாட்டின் மிக்ஸிங் நேரத்தில் இழுபறி, ரெண்டு பேருமே விட்டுக் கொடுக்கிற ஆள் இல்லை. கடைசியில் அக்டோபரில் வெளிவந்து இங்கிலாந்தில் முதல் இடம். ஆனால் ஃப்ரெடியும் போவியும் அந்தப் பாட்டை ஒரே மேடையில் சேர்ந்து பாடவே இல்லை.

அந்த வருஷக் கடைசியில் அதுவரை வந்த ஹிட் பாட்டுகளைத் தொகுத்து ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ வெளியிட்டார்கள். இங்கிலாந்தில் இதுவரை அதிகம் விற்ற ஆல்பம் அதுதான். 70 லட்சத்துக்கும் மேல்.

அதாவது 1981 டிசம்பர் 31 அன்று ஃப்ரெடி மெர்க்குரி உட்கார்ந்து யோசித்திருந்தால், இதையே அப்படியே தொடர்ந்தாலும் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

1982: விழுந்த ஆல்பம்

அவர் தொடரவில்லை. மியூனிக் நகரத்து இரவு விடுதிகளில் கேட்ட நடன இசை அவரைப் பிடித்துக்கொண்டது. அடுத்த ஆல்பம் முழுக்க அந்தப் பக்கம் போக வேண்டும் என்றார். டீக்கன் சரி என்றார். மேயும் டெய்லரும் முகம் சுளித்தார்கள். கிட்டார் பின்னால் தள்ளப்பட்டது. டிரம் மெஷின் வந்தது. சில பாட்டுகளில் பேஸ் கிட்டாருக்குப் பதிலாக ஃப்ரெடியே சிந்தசைசரில் பேஸ் வாசித்தார். உள்ளே தினம் ஒரு சண்டை.

1982 மே மாதம் ‘ஹாட் ஸ்பேஸ்’ வெளிவந்தது. இங்கிலாந்தில் நாலாவது இடம் வரை போனது. அமெரிக்காவில் 22-வது இடத்தோடு நின்றுவிட்டது, இரண்டே வருஷத்துக்கு முன் முதலிடம் கொடுத்த அதே அமெரிக்காவில். முதலில் விட்ட ‘பாடி லாங்குவேஜ்’ பாட்டின் வீடியோவை, அப்போதுதான் தொடங்கியிருந்த எம்டிவி ஒளிபரப்ப மறுத்தது.

ஏன் விழுந்தது? பாட்டு சரியில்லை என்பது பாதிக் காரணம். மிச்சப் பாதி வேறு. அமெரிக்க ராக் ரசிகர்களுக்கு அந்தச் சமயத்தில் டிஸ்கோ என்றாலே வெறுப்பு. 1979 ஜூலையில் சிகாகோ பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ ரெக்கார்டுகளைக் குவித்து வெடி வைத்தே கொளுத்தினார்கள். டிஸ்கோ கறுப்பர்களின், லத்தீன் மக்களின், தன்பால் ஈர்ப்பாளர்களின் விடுதிகளில் வளர்ந்த இசை. அந்த வெறுப்பு வெறும் தாளத்தின் மேல் வந்த வெறுப்பு என்று சொல்ல முடியுமா? ஃப்ரெடி போய்க் கதவைத் தட்டியது சரியாக அந்த வீட்டில்.

இதுக்கு ஒரு ஒப்பீடு பண்ணலாம். ஒரே வருஷம் கழித்து, 1983 ஏப்ரலில், அதே டேவிட் போவி ‘லெட்ஸ் டான்ஸ்’ வெளியிட்டார். அவரும் நடன இசைக்குத்தான் போனார். அவருக்குத் தயாரிப்பாளர் யார் தெரியுமா? ஷிக் குழுவின் நைல் ராட்ஜர்ஸ். டீக்கன் எந்தக் குழுவைக் கேட்டு பேஸ் வாசித்தாரோ அதே குழு! அந்தப் பாட்டு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதல் இடம். ஒரே காலேஜ், ஒரே சிலபஸ், ஒருத்தருக்கு டிஸ்டிங்ஷன், ஒருத்தருக்கு அரியர். போவிக்கு அந்த இசையின் வீட்டுக்காரரே துணை இருந்தார். குயினில் நாலு பேரில் ரெண்டு பேருக்கு மனசே இல்லை. குழு புராஜெக்ட் பண்ணின எல்லாருக்கும் இது புரியும்.

ஆனா ‘ஹாட் ஸ்பேஸ்’ஸை இன்னைக்கு ஹெட்போன் போட்டுக் கேளுங்க. ‘ஸ்டேயிங் பவர்’ பாட்டில் ஊதுகுழல்களும் அவர் குரலும் மோதுற இடம் இருக்கு. 1980 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்ட ஜான் லெனனை நினைத்து ஃப்ரெடி எழுதின ‘லைஃப் இஸ் ரியல்’ இருக்கு. சாதாரணமாகத் தன் சோகத்தைக் காட்டாத மனுஷன் அங்கே காட்டிட்டார்.

1982 செப்டம்பர் 15, லாஸ் ஏஞ்சலஸ் அருகே இங்கிள்வுட். அன்றைய நிகழ்ச்சிதான் அமெரிக்க மண்ணில் ஃப்ரெடியோடு குயின் பண்ணின கடைசிக் கச்சேரி. அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது.

1984: புடவை இல்லை, பாவாடை

1983-ல் ஓய்வு. 1984 தொடக்கத்தில் ‘ரேடியோ கா கா’. டெய்லர் எழுதியது. டிவி வந்து ரேடியோவை மறக்கடிக்கிறதே என்ற ஏக்கம், அதைச் சொல்வதற்கு சிந்தசைசர். கிட்டாரையும் சிந்தசைசரையும் சமாதானப்படுத்திய பிப்ரவரி ஆல்பத்துக்கு ‘த வர்க்ஸ்’ என்று பேர். இங்கிலாந்து திரும்ப வந்துவிட்டது. அமெரிக்காவும் திரும்பும் என்று காத்திருந்தார்கள்.

அப்போதுதான் ‘ஐ வாண்ட் டு பிரேக் ஃப்ரீ’ வீடியோ. பாட்டு டீக்கனுடையது. ஒரு இங்கிலாந்து டிவி சீரியலைக் கிண்டல் பண்ணி நாலு பேரும் பெண் வேஷம் போட்டார்கள். ஃப்ரெடி குட்டைப் பாவாடை கட்டி, மீசையை எடுக்காமலேயே, வாக்யூம் கிளீனரைத் தள்ளிக்கொண்டு வருவார். இங்கிலாந்து விழுந்து விழுந்து சிரித்தது, பாட்டு மூணாவது இடம். அந்த சீரியலே தெரியாத அமெரிக்காவில் யாரும் சிரிக்கவில்லை. அங்கே பாட்டு 45-வது இடத்தில் நின்றது. சிக்கல் என்னன்னா, யோசனை ஃப்ரெடியுடையதே இல்லை, அது டெய்லர் பக்கத்திலிருந்து வந்தது. பழி மட்டும் ஃப்ரெடி மேல்.

அந்த வருஷமே ஒரு பெரிய தப்பும் நடந்தது. அதை மறைச்சுட்டு எழுதினா இது வாழ்க்கை வரலாறு ஆகாது. நிறவெறி ஆட்சியைக் கண்டித்து உலகக் கலைஞர்கள் தென் ஆப்பிரிக்காவைப் புறக்கணித்துக் கொண்டிருந்த நேரத்தில், அக்டோபரில் குயின் சன் சிட்டியில் போய்ப் பாடியது. ஐநாவின் கறுப்புப் பட்டியலில் பேர் ஏறியது. பிரிட்டிஷ் இசைக் கலைஞர்கள் சங்கம் அபராதம் போட்டது. நாங்கள் அரசியல் பார்க்கவில்லை, ரசிகர்களுக்காகப் போனோம் என்ற விளக்கம் எடுபடவில்லை. நிறத்தால் ஊரை விட்டு ஓடிவந்த குடும்பத்துப் பையன் அங்கே போனது எனக்கு இன்னமும் உறுத்தலாகத்தான் இருக்கு.

21 நிமிடம்

1985 ஜூலை 13. எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக லைவ் எய்டு. வெம்ப்ளி மைதானத்தில் 72,000 பேர். படத்துல, குழு உடைஞ்சு போய், நோய் இருப்பதும் தெரிஞ்சு, அப்புறம் ஒண்ணு சேர்ந்து வந்து பாடின மாதிரி காட்டுவாங்க. நிஜம் அப்படி இல்லை. குழு உடையவே இல்லை. ரெண்டு மாசத்துக்கு முன்னாடிதான் ஜப்பானில் சுற்றுப்பயணம் முடிச்சிருந்தாங்க. நோய் தெரிந்தது 1987-ல்.

ஜெயிச்சதுக்கான காரணம் சினிமாத்தனமானது இல்லை, ரொம்பச் சாதாரணமானது. கொடுத்த நேரம் எவ்வளவுன்னு பார்த்து, கடிகாரம் வெச்சுப் பயிற்சி எடுத்தாங்க. புதுப் பாட்டு விக்கப் பாக்கல. ஆறு பாட்டு, 21 நிமிஷம். அந்த ஆறில் மூணு, ‘த கேம்’, ‘த வர்க்ஸ்’ இரண்டிலிருந்தும் வந்தவை. ‘ஹாட் ஸ்பேஸ்’ஸில் இருந்து ஒண்ணுகூட இல்லை. ‘ரேடியோ கா கா’வுக்கு 72,000 பேர் ஒரே நேரத்தில் கையைத் தூக்கித் தட்டினதை யூடியூபில் பாருங்க. மேடையில் அலங்காரம் எதுவும் இல்லை. மினுமினுப்பு இல்லை. வெள்ளை பனியன், ஜீன்ஸ், பாதி உடைந்த மைக் ஸ்டாண்டு, மீசை. அஞ்சு வருஷத்துக்கு முன் ரேஸர் எறிந்து எடுக்கச் சொன்ன அதே மீசைதான் இன்றைக்கு டீ-ஷர்ட்டில் அவர் முகத்துக்கு அடையாளம்.

கடைசி

1986 ஆகஸ்ட் 9, நெப்வர்த். அதுதான் குயினோடு அவர் பண்ணின கடைசிக் கச்சேரி. 1987-ல் எய்ட்ஸ் கிருமி இருப்பது தெரிந்தது. பிறகு ஸ்பெயினின் ஆபரா பாடகி மொன்செராத் கபாயேவோடு சேர்ந்து ‘பார்சிலோனா’ பாடினார். உடம்பு கரையக் கரைய ஸ்டூடியோவை விட்டு வெளியே வரவில்லை. எனக்குப் பாட வரிகள் எழுதிக் கொடுங்கள், நான் பாடி வைத்துவிடுகிறேன், நான் போன பிறகு முடித்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் நண்பர்களிடம் கேட்டுக்கொண்டார். 1991 மே மாதம் மோந்த்ரோவில் ‘மதர் லவ்’ பாட்டைப் பாடினார். கடைசிச் சரணத்துக்கு முன்னால் களைத்துப் போய் நிறுத்தினார். அந்தச் சரணத்தைப் பிற்பாடு பாடியது பிரையன் மே.

1991 நவம்பர் 23 அன்று தனக்கு எய்ட்ஸ் என்று உலகத்துக்கு அறிவித்தார். மறுநாள் மாலை லண்டனில் தன் வீட்டில் இறந்தார். வயது 45. இறுதிச் சடங்கு ஜொராஸ்ட்ரிய முறைப்படி, பார்சிப் பூசாரிகள் முன்னிலையில் நடந்தது. மேடையில் எத்தனை பேராக வாழ்ந்தாலும், வீட்டுப் பிள்ளையாகத்தான் போனார்.

அடுத்த சில மாதங்களில் ‘வெய்ன்ஸ் வேர்ல்டு’ என்ற அமெரிக்க நகைச்சுவைப் படம் வந்தது. அதில் காருக்குள் உட்கார்ந்து பசங்க ‘பொஹீமியன் ராப்சடி’ பாடுவார்கள். பாட்டு அமெரிக்காவில் இரண்டாவது இடத்துக்கு ஏறியது. பத்து வருஷம் அவர் காத்திருந்த அமெரிக்கா, அவர் போன பிறகு திரும்பி வந்தது. 1992 ஏப்ரல் 20, வெம்ப்ளியில் அஞ்சலிக் கச்சேரி. போவி அன்று ‘அண்டர் பிரஷர்’ பாடினார். பக்கத்தில் நின்று பாடியது ஆனி லென்னாக்ஸ்.

சரி, இதுல நமக்கு என்ன? அட்வைஸ் பண்ணப் போறதில்லை, பயப்படாதீங்க. நான் நினைச்சது ஒண்ணே ஒண்ணு. ‘ஹாட் ஸ்பேஸ்’ விழுந்தது நிஜம். அது இன்னைக்கும் மாஸ்டர்பீஸ் இல்லை. ஆனா அதைப் போட்டுப் பாக்காம இருந்திருந்தா, ‘ரேடியோ கா கா’வில் அந்த சிந்தசைசர் வந்திருக்காது, வெம்ப்ளியில் அந்தக் கைதட்டும் கேட்டிருக்காது. விழுந்த ஆல்பத்துல கத்துக்கிட்டதுதான் எழுந்த ஆல்பத்துல வேலை செஞ்சது.

இன்னைக்கு ராத்திரி லேப் ரெக்கார்டு எழுதும்போது இந்த வரிசையில கேட்டுப் பாருங்க: ‘கிரேஸி லிட்டில் திங் கால்டு லவ்’, ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’, ‘அண்டர் பிரஷர்’, ‘லைஃப் இஸ் ரியல்’, ‘ரேடியோ கா கா’. அஞ்சு பாட்டு, அஞ்சு வருஷம், ஒரே குரல்.

நாளைக்கு சார் லேட்டா வந்தா, டம் டம் டக் ஆரம்பிக்கிறவன் கிட்ட சொல்லுங்க: இதைப் பாடினவர் நம்ம மாதிரி ஒரு ஹாஸ்டல் பையன்தான்டா, பஞ்ச்கனிக்காரன்.